ஆகிய நாம்

ஆடி 2, வியாழன்

பழைய நாட்குறிப்பைக் கரையான் தின்றுவிட்டதால் இன்று புது நோட்டு. இந்த மாதம் நெடுங்கரடு சமஸ்தானத்தில் வயிறாரச் சாப்பிட்ட ஒரே ஜீவன் அந்தக் கரையானாகத்தான் இருக்கும்.

இந்த நோட்டு பின்னால் யார் கையிலாவது சிக்கினால் குழம்பக் கூடாது என்பதற்காக முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் திருமேனிநாதன், அரண்மனையில் ராயசம். மகாராஜா வாயால் சொல்வதை உத்தரவாக எழுதுவது என் வேலை. எங்கள் சமஸ்தானத்துக்குப் பதினேழு கிராமம். சுற்றுவட்டாரத்தையெல்லாம் பிடித்த வெள்ளைக்காரன் இதை மட்டும் விட்டுவிட்டான். பிடித்திருந்தாலும் மறுநாளே திருப்பிக் கொடுத்திருப்பான் என்பாள் என் மனைவி உலகம்மை.

மழை இல்லை. நெல் இல்லை. இன்று மாலை மகாராஜா கூப்பிட்டனுப்பினார்.

"எழுதும்வே ராயசம். நாம இந்த மாசம் முழுக்க ராத்திரிச் சாப்பாட்ட விட்டுட்டோம். ராஜா வயிறு காஞ்சா மேகம் எறங்கும்னு ஜோசியன் சொல்லுதான். பொழுது சாஞ்சா நம்ம அடுப்பு எரியக் கூடாது. ஜனங்களும் தெரிஞ்சுக்கிடட்டும்."

எந்த உத்தரவும் பட்டப்பெயர்களோடுதான் தொடங்க வேண்டும். "ஸ்ரீமத் சண்டப் பிரசண்ட, ஏழூர்ப் புலி, யானை வேட்டை கண்ட மகாராஜா உக்கிரசேன துரை ஆகிய நாம்" என்று நாலு வரி வரும். யானை வேட்டையை அவர் கண்டது உண்மைதான். மரத்தின் மேலிருந்து கண்டார்.

இன்று அந்த நாலு வரியையும் விட்டுவிட்டு நேராக "நாம்" என்று ஆரம்பித்துவிட்டேன். காகிதத் தட்டுப்பாடு காரணம். வீட்டில் உலகம்மை சொதிக் குழம்பு வைத்திருந்தாள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொதி சூடாகவே இருந்தது.

ஆடி 5, ஞாயிறு

உத்தரவைத் தமுக்கடித்துப் பதினேழு கிராமத்திலும் வாசித்தார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று இரண்டு பேர் சொன்னார்கள்.

ஆடி 7, செவ்வாய்

பொழுது சாயும் நேரத்தில் கொத்தவாலின் ஆட்கள் நாலு பேர் தண்ணீர்க் குடத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார்கள். கொத்தவால் என்பவர் எங்கள் ஊர்க் காவலுக்குத் தலைவர். உடம்பில் மீசை அதிகம், மற்றதெல்லாம் குறைவு. வந்தவர்கள் நேரே அடுப்படிக்குப் போய், எரிகிற அடுப்பில் குடத்தைக் கவிழ்த்தார்கள். அரைவேக்காட்டுச் சோறு பானையோடு உருண்டது.

"யார் வீடு தெரியுமாவே? நான் ராயசம்!" என்று கத்தினேன்.

"அப்பம் ஒங்களுக்கு உத்தரவு நல்லாவே தெரிஞ்சிருக்குமே" என்றான் ஒருவன். "நாம் ராத்திரிச் சாப்பாட்ட விட்டுட்டோம், நம்ம அடுப்பு எரியப்படாதுன்னு நீங்கதான எழுதியிருக்கீய?"

அந்த "நாம்" மகாராஜா. ராஜா பேசும்போது ஒற்றை ஆள்கூட "நாம்" ஆகிவிடுவார், அது சிம்மாசனத்தோடு வருகிற வியாதி. மேலே நாலு வரிப் பட்டம் இருந்திருந்தால் யார் நாம் என்று குழந்தைக்கும் விளங்கியிருக்கும். பட்டம் இல்லாததால், ஊரில் உள்ள எல்லாரும் சேர்ந்து பட்டினி கிடப்போம் என்று கொத்தவால் படித்துவிட்டார். ஒரு தெரு விடாமல் அடுப்பை அணைத்துக்கொண்டு போகிறார்கள்.

"போயி ராஜாகிட்ட சொல்லுங்க, தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு" என்றாள் உலகம்மை.

தப்பாக எழுதப்பட்டது என்று அவள் சொல்லவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஆடி 8, புதன்

சொல்லவில்லை. சொல்ல விட்டால்தானே?

நான் போகும்போது மகாராஜா கண் கலங்க உட்கார்ந்திருந்தார். "பாத்தீராவே ராயசம்! நாம ஒருத்தர் பட்டினி கெடக்கோம்னதும் ஊரே அடுப்ப அணைச்சிட்டாமே! நம்ம மேல இம்புட்டுப் பாசமா?"

அவர் முன்னால் பெரிய தட்டில் முறுக்கும் அதிரசமும் நெய்யில் வறுத்த முந்திரியும் இருந்தன. ராத்திரிச் சாப்பாட்டைத்தான் விட்டிருக்கிறார், நாலு மணிப் பலகாரத்தை விடவில்லை. அழுதுகொண்டே ஒரு அதிரசத்தை முடித்தார். இப்படிப்பட்ட நேரத்தில் போய் உண்மையைச் சொல்வதற்குக் கல்நெஞ்சம் வேண்டும். எனக்கு இளகிய மனசு. தட்டை என் பக்கம் நகர்த்தினார், மறுக்க முடியவில்லை.

ஆடி 11, சனி

ஆவுடையப்பனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆவுடை என் மைத்துனன், உலகம்மைக்குத் தம்பி. வண்டிப்பேட்டை ஓரத்தில் ஆப்பக்கடை வைத்திருக்கிறான். பகலெல்லாம் மூட்டை தூக்குகிறவர்களும் வண்டிக்காரர்களும் பொழுது சாய்ந்துதான் அவன் கடைக்கு வருவார்கள். அவர்களுக்கு நாளைக்கு ஒரு வேளை என்றால் அதுதான் அந்த வேளை. கொத்தவாலின் ஆள் குடத்தோடு வந்ததும் இவன் கரண்டியோடு குறுக்கே நின்றிருக்கிறான்.

"நாம்னா ராஜாவே! அவுரு கெடக்கட்டும் பட்டினி. நாங்க எதுக்குவே கெடக்கணும்?" என்றானாம்.

எனக்குப் பிறகு அந்த உத்தரவைச் சரியாகப் படித்தவன் இவன் ஒருவன்தான். அதற்காகக் கோட்டைச் சிறையில் போட்டுவிட்டார்கள்.

உலகம்மை அழுதாள். "ஒரு வார்த்த போயி சொல்லுங்க. நீங்க எழுதுனதுதான?"

நேரம் காலம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே போனாள்.

ஆடி 13, திங்கள்

சந்தையில் கூட்டம். பேசியவர் புலவர் மாசிலாமணியார், பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவர். இருபது வருஷமாக யாரும் கவனிக்காத இலக்கணத்தை நடத்தி நடத்தித் தொண்டை நன்றாகப் பழகியிருந்தது. பசித்த ஜனம் அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டது.

"கேளுங்கள்! 'நாங்கள்' என்றால் கேட்கிறவனைச் சேர்க்காத சொல். 'நாங்கள் சாப்பிட்டோம்' என்றால் நீ சாப்பிடவில்லை. 'நாம்' என்றால் கேட்கிறவனையும் சேர்க்கிற சொல். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை! 'நாம்' என்று ஒருவன் தன்னை மட்டும் சொல்லிக்கொண்டால் அவன் நம்முடைய சொல்லைத் திருடினான் என்று அர்த்தம். நாம் யார்?"

"நாம!" என்றது சந்தை.

"இந்த நாடு யாருடையது?"

"நம்முது!"

உளப்பாட்டுத் தன்மைப் பன்மைக்கு விசில் அடித்ததை இன்றைக்குத்தான் பார்த்தேன். நான் பின்வரிசையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். வெயில்.

ஆடி 15, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பொழுது சாயத் தொடங்கியபோது பதினேழு கிராமத்துப் பெண்களும் மண்ணடுப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு அரண்மனை முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். ஆயிரம் அடுப்பாவது இருக்கும். மூலைக்கு மூலை மூட்டினார்கள். யாரிடம் என்ன மிச்சம் இருந்ததோ, குருணை, கேப்பை, முருங்கைக்கீரை, எல்லாம் கொதித்தது. உலகம்மையும் போயிருந்தாள். எங்கள் வீட்டு அடுப்பையே கொண்டுபோய்விட்டாள்.

கொத்தவாலின் ஆட்கள் தண்ணீர்க் குடத்தோடு வந்தார்கள். ஆனால் அவர்களும் ஒரு வாரமாக ராத்திரி சாப்பிடாதவர்கள். வாசனை வந்ததும் நின்றார்கள். ஒரு கிழவி, "வாங்க ராசா, ஒக்காருங்க" என்று ஒருவனுக்கு இலையைப் போட்டாள். அவன் குடத்தைக் கீழே வைத்தான். அடுத்தவனும் வைத்தான். கடைசியில் கொத்தவாலே சப்பணம் போட்டு உட்கார்ந்து இரண்டாம் தடவை கஞ்சி வாங்கினார். இருநூறு வருஷத்து ராஜாங்கம் ஒரு பந்தியில் முடிந்தது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. இருந்த துப்பாக்கி வெடிக்கிற ரகமும் இல்லை.

சிறையைத் திறந்து ஆவுடையைத் தோளில் தூக்கிவந்தார்கள். "அடுப்பு வீரன் ஆவுடை வாழ்க!" என்று கத்தல். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே இறங்கி, யாரோ ஒருத்தியின் அடுப்பு புகைகிறதென்று ஊதப் போய்விட்டான்.

நான் உள்ளே இருந்தேன். மகாராஜா பின்கட்டு வாசலில் ஒரு மாட்டுவண்டியின் பக்கத்தில் நின்றார். கையில் ஒரு மூட்டை. வண்டிக்காரனைத் தவிர சுற்றிலும் ஆள் இல்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வே ராயசம்! வந்துட்டீரா! சரி, நாம இப்பம் எங்கவே போறது?"

முப்பது வருஷமாக அவர் "நாம" என்று சொல்லி நான் எழுதியிருக்கிறேன். அதில் நான் இருந்ததே இல்லை. இன்றைக்கு இருந்தேன். அவர் வண்டியில் ஏறித் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டதைக் கண்ணால் பார்த்தேன்.

"மகாராஜா அவர்கள் தங்கச்சி வீட்டுக்கு எழுந்தருளலாம்" என்றேன், ரொம்ப மரியாதையாக.

எனக்கு விட்ட இடத்தில் அவர் மூட்டையை வைத்தார். பிறகு வண்டிக்காரனை ஓட்டச் சொன்னார். ராஜாக்கள் தங்களை எப்போதும் பன்மையில்தான் சொல்வார்கள், நான் அதைப் பழையபடி எடுத்துக்கொண்டேன். இதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆடி 16, வியாழன்

உத்தரவு எதுவும் இல்லை. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் வீட்டிலேயே இருந்தேன்.

ஆடி 20, திங்கள்

ஊர் கூடி ஆட்சியைப் புலவரிடம் கொடுத்துவிட்டது. அவர் எனக்கு ஆளனுப்பினார். என்னைத் தூக்கில் போடுவார்களோ என்று பயந்து நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு போனேன். அரண்மனையில் புலவர் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். கொத்தவால் அதே இடத்தில் அதே மீசையோடு நின்றார். தலைப்பாகையின் நிறம் மட்டும் மாறியிருந்தது.

"அஞ்சாதீர். மக்களாட்சிக்கும் ஒரு ராயசம் வேண்டும். பிழையில்லாமல் எழுதுகிறவர் இந்த நாட்டில் நீர் ஒருவர்தான்" என்றார் புலவர். அவர் பேசுவதே அச்சடித்த மாதிரி இருக்கும்.

"அந்தப் பழைய உத்தரவு..." என்று இழுத்தேன்.

"அது கொடுங்கோலனின் ஆணவம். எழுதிய கைக்கு என்ன குற்றம்?"

எனக்கு நெஞ்சு லேசாயிற்று. இவ்வளவு நல்ல மனிதரை இத்தனை நாள் பள்ளிக்கூடத்தில் வீணடித்துவிட்டோம். அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்து ஆளுக்கு இரண்டு படி நெல் அளந்தார்கள். ஊரெல்லாம் சோற்று வாசம். உலகம்மை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆடி 25, சனி

புலவர் தரையிலிருந்து முக்காலிக்கு மாறியிருக்கிறார். மண்தரை ஈரம் மூட்டுக்கு ஆகாதாம்.

ஆடி 30, வியாழன்

முக்காலியில் முதுகு வலிக்கிறதென்று வைத்தியர் சொன்னாராம். சிம்மாசனத்துக்குத்தான் சாய்மானம் இருக்கிறது. நாட்டின் நன்மைக்காக அதில் உட்கார்ந்து பார்க்கிறார்.

ஆவணி 1, சனி

இன்று எழுதிய உத்தரவு: "இனி இந்நாட்டில் 'நாங்கள்' என்ற சொல் தடைசெய்யப்படுகிறது. அது மக்களை மக்களிடமிருந்து பிரிக்கும் சொல். யாவரும் 'நாம்' என்றே வழங்குக. மீறினால் சிறை."

ஊரில் குழப்பம். பெண் பார்க்க வந்த வீட்டில், "நாங்க யோசிச்சுச் சொல்லுதோம்" என்று சொல்ல முடியாமல் "நாம யோசிச்சுச் சொல்லுவோம்" என்று சொல்லி, இரண்டு குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்து சாயங்காலம் வரை யோசித்திருக்கிறார்கள். "நாம கெளம்புதோம்" என்று விருந்தாளி சொன்னால் வீட்டுக்காரரும் செருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. கொத்தவாலின் ஆட்கள் ஜன்னலுக்கு ஜன்னல் காதை வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

களஞ்சியத்தைப் பூட்டியாயிற்று. "நம் நெல்லை நாம் காக்க வேண்டும்" என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது. நான்தான் எழுதினேன். நல்ல பெரிய எழுத்து.

ஆவணி 8, சனி

மழை இன்னும் இல்லை. ஆவுடை வண்டிப்பேட்டை ஆட்கள் ஐந்தாறு பேரோடு வீட்டுக்கு வந்தான். மாவு அரைக்க அரிசி இல்லாமல் கடையை மூடி நாலு நாளாகிறது. முகம் ஒட்டிப்போயிருந்தது.

"அத்தான், புலவருக்கு ஒரு மனு எழுதித் தாங்க. களஞ்சியத்தத் தொறக்கச் சொல்லி. நாங்க பசியா கெடக்கோம்னு எழுதுங்க."

"அந்தச் சொல்லு போடக் கூடாதுப்பா. 'நாம்'னு போடுதேன்."

"நாம்னு போட்டா புலவரும் பசியா கெடக்காருன்னு ஆயிரும்லா? அவுரு இன்னைக்கு மத்தியானம் கோழி சாப்பிட்டாரு. அரமனைக் கெணத்துப் பக்கத்துல எறகு கெடக்கு. பொய் எழுதி அனுப்பலாமா அத்தான்?"

எல்லாரும் சிரித்தார்கள். உலகம்மை நிலைப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன வேகமோ, "நாங்கள் பசியோடிருக்கிறோம்" என்று எழுதியே விட்டேன். என் முப்பது வருஷத்து எழுத்தில் உண்மையான வாக்கியம் அது ஒன்றாகத்தான் இருக்கும். என் பெயரைப் போடவில்லை. ஆவுடை முதல் கையெழுத்துப் போட்டான்.

ஆவணி 10, திங்கள்

ஆவுடையைப் பிடித்துவிட்டார்கள். அதே கோட்டை, அதே அறை. மக்களைப் பிரித்த குற்றமாம்.

மனுவை யார் எழுதியது என்று கொத்தவால் கேட்டிருக்கிறார். "நாந்தான் எழுதுனேன்" என்று அவன் சொல்லியிருக்கிறான். அவன் கையெழுத்தைக் கோழி பார்த்தால் தன் குஞ்சு கிளறியது என்று நினைக்கும். உதைத்தும் மாற்றிச் சொல்லவில்லையாம்.

"இன்னைக்காவது போயி நாந்தான் எழுதுனேன்னு சொல்லுங்க" என்றாள் உலகம்மை. இந்தத் தடவை அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாளைக்குப் போகிறேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஆவணி 11, செவ்வாய்

போனேன். இதை யாரும் மறுக்க முடியாது, போகத்தான் செய்தேன்.

புலவர் சிம்மாசனத்தில் இருந்தார். முதுகுக்கு இப்போது பட்டு மெத்தை. நான் வாயைத் திறக்கும் முன்பே மனுவை என் முன்னால் நீட்டி, அதில் ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இந்த ழகரத்தின் சுழியை நாட்டில் வேறு யாரால் போட முடியும்?"

நான் கதவுப் பக்கம் பார்த்தேன்.

"பயப்படாதீர். ஆப்பம் சுட ஆயிரம் பேர் கிடைப்பார்கள். ராயசத்துக்கு நாம் எங்கே போவோம்? எழுதியது நீர்தான் என்று இப்போது சொல்ல நினைத்தால் சொல்லலாம். அவனை விடுவித்து உம்மை உள்ளே வைப்போம். இல்லையென்றால் உட்கார்ந்து எழுதும்."

காகிதமும் மையும் எதிரே தயாராக இருந்தன. நான் நிற்கத்தான் நினைத்தேன். எனக்கு முழங்கால் வலி உண்டு, அது எல்லாருக்கும் தெரியும். உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு பேனாவை எடுக்காமல் இருந்தால் மரியாதையாக இராது.

"தலைப்பை விட்டுவிடாதீர்" என்றார். எதையும் விடவில்லை: "இலக்கணச் சிங்கம், எளிமையின் சிகரம், அடுப்பு மீட்ட அண்ணல், புகழை விரும்பாப் புண்ணியர் புலவர் மாசிலாமணியார் ஆகிய நாம், மக்களைப் பிரித்த ஆப்பக்கடை ஆவுடையப்பனுக்கு ஓராண்டு கல்லுடைக்கும் தண்டனை விதிக்கிறோம்."

ஆவுடையப்பன் என்று எழுதும்போது கை ஒரு தடவை நின்றது. புலவர் பார்த்தார். மேலே எழுதினேன். பிழை ஒன்றும் இல்லை.

வீட்டில் உலகம்மை கேட்டாள். "முயற்சி பண்ணினேன், அவர் கேக்கல" என்றேன்.

ஆவணி 12, புதன்

காலையிலேயே எங்கள் தெருவில் தமுக்கு வந்துவிட்டது. எப்போதும் மத்தியானம்தான் வரும். உத்தரவை வாசித்துவிட்டு, ஊரறியக் காகிதத்தைக் கோயில் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். உலகம்மைக்கு என் எழுத்தைப் படிக்கத் தெரியும். கல்யாணமான புதிதில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அவள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து, பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். முழங்கால், மாசச் சம்பளம், நான் உள்ளே போனால் அவளுக்கு யார் துணை, எல்லாம் வரிசையாக. அவள் நேரே அடுப்படிக்குப் போனாள். இருந்த கேப்பை மாவைக் களி கிண்டி உருட்டினாள். சட்டியில் வைத்துத் துணியால் கட்டினாள். வண்டிப்பேட்டைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் வந்து நின்றார்கள். கோட்டைக்கு மூன்று மைல் நடக்க வேண்டும்.

எனக்குத் தாங்கவில்லை. ஆவுடை என்னை ஒரு தடவைகூட மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. இதை இப்போதுதான் நினைக்கிறேன். எழுந்து சட்டையை மாட்டினேன்.

"இரு உலகம்மை, நானும் வாரேன். நாம போயி அவனப் பாத்துட்டு வந்துருவோம்."

அவள் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்ற பெண்களை ஒரு தடவை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. அடுத்த வீட்டு ஆளிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

"நாங்க போயிக்கிடுதோம். நீங்க அரமனைக்குப் போங்க, நேரமாச்சு."

கொத்தவாலின் ஆள் ஒருவன் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தான். அவன் காதில் விழும்படிதான் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வழி விட்டான்.

இருபத்திரண்டு வருஷத்தில் என்னைச் சேர்க்காமல் அவள் "நாங்க" என்று சொன்னது இதுதான் முதல் தடவை. சட்டப்படி அது குற்றம். அந்தச் சட்டத்தை எழுதியவன் நான். அவர்கள் வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் சட்டையை மாட்டியபடி வாசலில் நின்றேன். பிறகு நேரமாகிவிட்டதால் அரண்மனைக்குப் போனேன்.